கதவை மூடினால்தான் குளிரும்

ஏசி வேண்டாம் என்றுதான் ஷீலா சொன்னாள். பிடிவாதமாக வாங்கியது தாவீது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நினைக்கும்போது அவன் மனது முதலில் போய் நிற்பது அந்த இடத்தில்தான்.

ஷீலா தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நாற்பத்தேழு வயது. நான்கு வருடமாக நைட் டியூட்டி மட்டும்தான் பார்க்கிறாள். தாவீது திருமுடிவாக்கத்தில் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். இருபத்திரண்டு வருடம் தகடு தூக்கியதில் முதுகில் டிஸ்க் விலகி, இனிமேல் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீடு அவன் பொறுப்பு. சமைப்பான், துவைப்பான், தண்ணீர் பிடித்து வைப்பான். ஒரே மகள் மெட்டில்டா. தாவீதின் அம்மா பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவள் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவாள்.

வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குக் கிட்டே. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மேலே மாடி எழுப்பவில்லை. மார்ச் மாதம் பிறந்தாலே தளம் காலையிலேயே காயத் தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். அந்த நேரத்தில்தான் ஷீலா தூங்க வேண்டும்.

தாவீது என்னென்னவோ செய்து பார்த்தான். ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கவிட்டான். காலையும் மதியமும் தளத்தில் தண்ணீர் ஊற்றினான். டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஒரு தட்டில் ஐஸ்கட்டி வைத்தான். அவள் ஒரு மணி நேரம் தூங்குவாள், வியர்வையில் நனைந்து எழுந்து உட்காருவாள், நைட்டியை மாற்றிக்கொண்டு மறுபடி படுப்பாள்.

ஒருநாள் காலை ஒன்பதே முக்கால் ஆகியும் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடம் தாண்டி கூடுவாஞ்சேரி வரைக்கும் போய்விட்டாளாம்.

"அது கூட பரவால்ல," என்றாள், செருப்பைக் கழற்றியபடி. "ராத்திரி ஒரு பேஷண்ட்டோட மாத்திரய பக்கத்து பெட்டுக்கு குடுக்கப் போயிட்டேன். கிழவரு நல்ல மனுசன், 'இது என்னுது இல்லம்மா'ன்னாரு. அவரு சொல்லலன்னா?"

தாவீது அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

"ஏசி போட்டுடலாம் ஷீலா."

"ஏசி எல்லாம் வேணாம். இந்த ஃபேன் கடகடன்னு கீது, இத மட்டும் மாத்து. போதும்."

"ஃபேன் இன்னா பண்ணும்? மேல கீற சூட்ட கீழ தள்ளும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்."

"ராத்திரி பூரா ஏசியிலதான் நிக்கறேன். பகல்லயாவது சும்மா காத்துல படுத்துக்கறேன், வுடு. அதுவும் இல்லாம, அத போட்டா கதவ சாத்தணும். கதவ சாத்திட்டா நீ இன்னா பண்றன்னே எனக்குத் தெரியாது."

"நான் இன்னா பண்ணப்போறேன்? கொழம்பு வெப்பேன்."

"அந்தச் சத்தம்தான் எனக்கு வேணும்," என்று ஷீலா சிரித்தாள். "ஆஸ்பிட்டல்ல எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடணும். இங்க நீ பாத்திரம் உருட்டிகினு இருந்தா, ஓட வேணாம், வூட்லதான் கீறோம்னு தெரியும். அதுலதான் தூக்கமே வருது."

இருவரும் இரும்புலியூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பத்து வயதிலிருந்து 'நீ', 'வா' என்று பேசிப் பழகியதால் கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னால் அவன் பெரும்பாலும் கேட்பான். இந்த ஒன்றில் கேட்கவில்லை. கம்பெனியில் கடைசியாக வந்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவளிடம் சொல்லாமல் தாம்பரம் போய் ஒரு டன் ஏசி ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தான்.

மாட்ட வந்தவர் தேவானந்தம் என்று பெருங்களத்தூர்க்காரர். வேலையை முடித்துவிட்டு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ண்ணா, மேல வெறும் தளம். கதவ சாத்தி வெச்சாதான் இது நிக்கும். தெறந்து தெறந்து மூடிகினு இருந்தா ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. கீழ சந்து கீது பாருங்க, அத அடைச்சுடுங்க."

தாவீது எதையும் அரைகுறையாகச் செய்பவன் இல்லை. கடையில் ஸ்பாஞ்ச் பட்டை வாங்கி வந்து கதவின் நான்கு ஓரமும் ஒட்டினான். கீழ்ச்சந்துக்கு ரப்பர் தகடு வைத்து ஆணி அடித்தான். மூடிப் பார்த்தால் கதவு மெத்தென்று போய் உட்கார்ந்தது. கடகடக்கும் பழைய ஃபேனை அறையிலிருந்து கழற்றி ஹாலில் மாட்டிக்கொண்டான். காலிங் பெல்லில் பேட்டரியை எடுத்துவிட்டான். கேட்டில் ஒரு அட்டை தொங்கவிட்டான்: 'நைட் டியூட்டி. தூங்குகிறார்கள். தட்ட வேண்டாம்.' மீன்காரம்மாவிடம், தெருமுனையிலேயே கூவிவிட்டு வரும்படி சொல்லி வைத்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் போனில் சொன்னான்.

முதல் நாள் ஷீலா ஆறு மணி நேரம் தூங்கினாள். மூன்றரை மணிக்கு எழுந்து வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் தாவீதுக்குத் தன் முதுகுவலிகூட மறந்துபோனது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு ஒரே வாரத்தில் குறைந்தது. எரிச்சல் போனது. மெட்டில்டாவைத் தேவையில்லாமல் திட்டுவது நின்றது.

"நீ சொன்னதுதான் சரி," என்றாள் ஒருநாள், டீயை வாங்கிக்கொண்டே. "கொஞ்ச நாள் உன் சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு."

அவன் சத்தம்தான் அவளுக்குக் கேட்காமல் போனது. டிவி சத்தம் மட்டும் கேட்டது, டிவி படுக்கையறைச் சுவரில்தான் மாட்டியிருந்தது. சத்தம் அதிகமானால் உள்ளேயிருந்து கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். அவன் குறைப்பான். கட்டில் கதவை ஒட்டியே கிடந்ததால் எழுந்து வந்து சொல்லவேண்டிய அவசியம் இல்லை, கதவைத் திறக்கவும் வேண்டாம். அந்தக் கோடையில் அப்படி ஒரு ஏழெட்டு தடவை நடந்திருக்கும். சாயங்காலம் எழுந்ததும், "காது செவுடாயிட்டுதா உனக்கு?" என்று கிண்டல் செய்வாள்.

மே மாதம் கடைசி வாரம், வியாழக்கிழமை. ஷீலா எட்டே முக்காலுக்கு வந்தாள். இரண்டு இட்லிதான் சாப்பிட்டாள்.

"தலை பாரமா கீது. பிரஷர் மாத்திர ரெண்டு நாளா போடல, தீந்துபோச்சு."

"தூங்கி எழுந்தா சரியாப்பூடும். மாத்திர நான் வாங்கியாந்து வெக்கறேன்."

ஒன்பதரைக்கு அவள் உள்ளே போனாள். அவன்தான் வெளியிலிருந்து கதவை இழுத்து மூடினான். பத்து மணிக்கு மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தான். வாழைக்காய் வறுத்தான், ரசம் வைத்தான். வேலை முடிந்து ஹாலில் பாய் போட்டு டிவி முன்னால் சாய்ந்தபோது பன்னிரண்டு மணிச் செய்தி முடிந்து அதற்கடுத்த ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி இருக்கும். தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து மனையில் தளம் போட்டிருந்தார்கள், சென்ட்ரிங் பலகை பிரிக்கிற வேலை இரண்டு நாளாக நடந்தது. காலையிலிருந்து பலகை விழுந்துகொண்டேதான் இருந்தது. அதுதான் என்று நினைத்தான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு. படத்தில் சண்டைக் காட்சி. தாவீது அவசரமாக ரிமோட்டைத் தேடி சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான்.

மறுபடி தட்டு. இன்னும் குறைத்தான். வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

மறுபடியும். இந்தத் தடவை தட்டு மெதுவாக, இடம் மாறி, கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. தூக்கத்தில் காலால் உதைக்கிறாள்போல என்று நினைத்தான். தலைபாரம் என்று சொன்னாளே, சின்னச் சத்தம்கூடத் தாங்கவில்லை பாவம். டிவியையே நிறுத்தினான்.

அதன்பிறகும் ஒரு சத்தம் வந்தது. தட்டு இல்லை, நகத்தால் பிறாண்டுகிற மாதிரி. தாவீது நிமிர்ந்து பார்த்தான். வீட்டில் சத்தம் போடுவது இன்னும் என்ன இருக்கிறது என்று யோசித்தான். தலைக்கு மேலே பழைய ஃபேன் கடகடவென்று சுற்றியது. எழுந்து போய் அதையும் நிறுத்தினான்.

மத்தியான வெயிலில், காற்றில்லாத ஹாலில், பாயில் மல்லாந்து படுத்தான். நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் வழிந்தது. துடைக்க அசைந்தால்கூடப் பாய் சத்தம் போடும் என்று அசையாமல் கிடந்தான். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் அவனும் தூங்கிப்போனான்.

விழித்தபோது மூன்று நாற்பது. இந்நேரம் அவள் எழுந்திருக்க வேண்டும். டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினான். கதவு நகரவில்லை. தாழ்ப்பாள் போடவில்லையே என்று தோளால் தள்ளினான். ஏதோ கனமாகத் தடுத்தது. ஒரு சாண் திறந்ததும் முதலில் குளிர் வந்து முகத்தில் அடித்தது. பிறகு தரையில் அவளுடைய கையைப் பார்த்தான்.

ஷீலா கதவோரமாகக் கிடந்தாள். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. நைட்டி நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவனைப் பார்த்தது.

அக்கம்பக்கத்துக்காரர்களும் சென்ட்ரிங் ஆட்களும் ஓடிவந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் ஒருவருடைய காரில் கொண்டுபோனார்கள். பக்கத்திலேயே இருந்த மருத்துவமனையில் நாலு இருபதுக்குச் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அவனைக் கூப்பிட்டார். இளம் வயதுப் பெண். நிதானமாகத்தான் பேசினார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கடைசியா நல்லா இருந்தத எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"ஒம்பதரை மேடம்."

"அதுக்கப்புறம்? எழுந்து பாத்ரூம் போனாங்களா? விழுந்த சத்தம் ஏதாவது கேட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அடைப்பு கரைய ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தெரியாம போட்டா ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

தாவீதுக்கு மணிக்கணக்கு புரிந்தது. ஒரு மணி என்று சொன்னால் இன்னும் நேரம் இருக்கிறது என்பதும் அரைகுறையாகப் புரிந்தது. ஒரு மணிக்குத் தொம்மென்று கேட்டது என்று சொல்ல வாயைத் திறந்தான். அப்படிச் சொன்னால், அதற்குப் பிறகு தட்டினாள் என்பதையும் சொல்ல வேண்டும். தட்டினாள், அதற்கு நான் டிவியை நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மெட்டில்டா உள்ளே ஓடிவந்தாள். அலுவலகத்து அடையாள அட்டை கழுத்தில் ஆட, "அப்பா, அம்மாக்கு இன்னாச்சுப்பா?" என்று அவன் கையைப் பிடித்தாள்.

"சார்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் கேக்கல மேடம்," என்றான் தாவீது. "கதவு சாத்தி இருந்துச்சு."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். ஊசி போடவில்லை.

ஷீலா பிழைத்தாள். பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. 'ஆ' என்ற ஒரே ஒலி மட்டும், அழுகை மாதிரியும் கூப்பிடுகிற மாதிரியும் வரும். சொல்வது புரிகிறதா என்று கேட்டால் சில நாள் தலையை ஆட்டுவாள், சில நாள் சும்மா பார்ப்பாள். அவள் வேலை செய்த இடத்திலிருந்து நர்ஸ்கள் வந்தார்கள். ஒருத்தி வெளியே வந்து தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். சர்ச்சிலிருந்து வந்து ஜெபம் செய்தார்கள். எல்லோரும் தாவீதின் தோளைத் தட்டி, "நீங்க கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டீங்க, எங்களுக்குத் தெரியாதா," என்றார்கள். அவனுக்கு அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றான்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அவன் மட்டும் தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டான்.

"மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு மணிக்கு அவ விழுந்தான்னு யாருக்காவது தெரிஞ்சு, அத அன்னிக்கு உங்களாண்ட சொல்லியிருந்தா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சொல்ல முடியாது சார். போட்டிருக்கலாம். போட்டாலும் எல்லாருக்கும் சரியாகுறதில்ல. இப்ப அத யோசிச்சு என்ன ஆகப்போகுது? அவங்கள வீட்ல நல்லா பாத்துக்கங்க. வெயில் அதிகமா இருக்கு, உடம்பு வேர்க்காம வெச்சுக்கங்க. படுக்கைப் புண் வந்தா ரொம்பக் கஷ்டம்."

ஜூன் பாதியாகியும் வெயில் குறையவில்லை. ஷீலாவை அதே அறையில், அதே கட்டிலில் படுக்க வைத்தார்கள். மெட்டில்டா காற்று மெத்தை வாங்கிப் போட்டாள். அம்மாவைத் துடைத்து, பவுடர் போட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவை மூடினாள்.

உள்ளேயிருந்து அந்த 'ஆ' கேட்டது. மருத்துவமனையில் கேட்ட மாதிரி இல்லை. தொண்டை கிழிகிற மாதிரி, மூச்சு விடாமல். மெட்டில்டா பதறிப்போய்த் திறந்தாள். நின்றது. ஏதாவது வலியா என்று புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி மூடினாள். மறுபடி கத்தல்.

"நான் உள்ள இருக்கேன். நீ சாத்து," என்றான் தாவீது. அவன் கட்டிலருகே உட்கார்ந்தான், மெட்டில்டா வெளியே நின்று கதவை மூடினாள். ஷீலாவின் கண் அவனிடமிருந்து கதவுக்கும், கதவிலிருந்து அவனுக்கும் போனது. பிறகு கத்தத் தொடங்கினாள். அவன் அவளுடைய இடது கையைப் பிடித்தான். அவள் அதை இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தாவீது ஸ்பாஞ்ச் பட்டைகளையெல்லாம் பிய்த்தான். ரப்பர் தகட்டை நெம்பி எடுத்தான். கதவைத் திறந்தே வைத்து, ஹாலில் இருந்த ஃபேனைக் கழற்றிக் கொண்டுவந்து அறையில் மாட்டினான். முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிமிர முடியவில்லை.

ஃபேன் சூட்டைத்தான் கீழே தள்ளியது. மூன்றாவது நாள் ஷீலாவின் முதுகு முழுக்க வேர்க்குரு. ஐந்தாவது நாள் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து உரிந்தது. கதவைத் திறந்துவைத்து ஏசியையும் போட்டுப் பார்த்தார்கள். ஏரிப்பக்கத்து அனல் முழுவதும் ஹால் வழியாக உள்ளே வந்தது. ஏசி நாளெல்லாம் ஓடியும் அறை குளிரவே இல்லை. கதவுக்குப் பதில் கனமான திரை போட்டார்கள். திரையைப் பார்த்தும் அவள் கத்தினாள்.

லீவு போட்டிருந்த மெட்டில்டா புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"அப்பா, இது சரிவராது. நாளைலேர்ந்து கதவ சாத்திடப் போறேன். அம்மா கத்தட்டும். ரெண்டு நாள்ல பழகிடும்."

"சாத்தாத மெட்டி."

"புண்ணு பாத்தல்ல? உள்ள எலும்பு வரைக்கும் போனா இன்னா பண்ணுவ? ஃபேனே போதும், ஃபேனே போதும்னா எப்படி? நீதானே சண்ட போட்டு ஏசி வாங்குன?"

"சாத்தாத. அவளுக்குப் பயம்."

"இன்னா பயம்? விழுந்ததுல பயம்னா கட்டிலப் பாத்துப் பயப்படணும், தரையப் பாத்துப் பயப்படணும். கதவப் பாத்து எதுக்குப்பா பயப்படறாங்க? மூணு மாசமா அந்தக் கதவ சாத்திட்டுத்தானே தூங்குனாங்க?"

தாவீது சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தொம்மென்ற சத்தம். தட்டு. டிவியைக் குறைத்தது, நிறுத்தியது. ஃபேனை நிறுத்தியது. தூங்கியது. எதையும் மறைக்கவில்லை.

மெட்டில்டா அழவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன வாட்டி தட்டுனாங்க?"

"நாலு. அஞ்சு வாட்டி இருக்கும்."

"ஒரு வாட்டி கூட எழுந்து பாக்கணும்னு தோணலையா?"

"தெறந்தா தூக்கம் கலைஞ்சிரும்னு... குளிரு போயிரும்னு."

"டாக்டர் கேட்டாங்களே. நான் பக்கத்துல நின்னேனே. அப்ப ஏன் சொல்லல?"

"நீ வந்துட்ட," என்றான் தாவீது.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. பழியைத் தூக்கி அவள் மேல் வைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "அப்படி இல்ல மெட்டி, உன் முன்னாடி எனக்கு..." என்று எழ முயன்றான். அவள் அதற்குள் அங்கே இல்லை. அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கரணையிலிருந்து ஷீலாவின் அக்கா ஜெபசீலி, வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மெட்டில்டா அவளிடம் என்ன சொன்னாள் என்று தாவீதுக்குத் தெரியவில்லை. ஜெபசீலி அவனைத் திட்டவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"எங்க வூட்ல நாலு பக்கமும் ஜன்னல் கீது. காத்து வரும்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்."

"நானும் வரேன் அக்கா. நான்தானே அவள..."

"நீ இங்கயே இருப்பா. மெட்டி கீறா."

ஷீலாவைப் போர்வையோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். தாவீது தூக்க வந்தபோது மெட்டில்டா, "உன்னால தூக்க முடியாது, முதுகு," என்று மட்டும் சொல்லி அவனை விலக்கினாள். வேன் திரும்பும்போது ஷீலா கண்ணை மூடியிருந்தாள்.

மெட்டில்டா அங்கேயிருந்தே வேலைக்குப் போகிறாள். அவளுடைய துணிகளை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அரிசி இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றான். போய்விட்டாள்.

தாவீது தினமும் தாம்பரத்தில் பஸ் மாறி, மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறான். ஜெபசீலி வீடு இரண்டாவது மாடியில். சதுப்பு நிலத்துப் பக்கமாகத் திறந்த ஜன்னலில் காற்று வரத்தான் செய்கிறது, சில நேரம் குப்பை எரிகிற நாற்றத்தோடு. புண் ஆறி வருகிறது. ஜெபசீலி அவனுக்குக் காபி கொடுப்பாள், கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். முதல் வாரத்தில் ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். டிவி சத்தத்துக்குத்தான் தட்டுறன்னு நெனச்சேன், நீ தூங்கணும்னுதான் எல்லாத்தையும் நிறுத்துனேன் என்றான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா, புரியவில்லையா, புரிந்தும் ஒன்றும் இல்லையா என்று தெரியவில்லை. மறுநாள் மறுபடி சொன்னான். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வரத் தொடங்கினாள். பெயர் சின்மயி. வாரத்தில் மூன்று நாள். 'தண்ணி' என்ற சொல் முதலில் வந்தது. பிறகு 'மெட்டி'. அதைக் கேட்டு மெட்டில்டா அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். பிறகு 'அக்கா'. தாவீது அங்கே இல்லாத நேரங்களில்தான் இதெல்லாம் நடந்தது. ஜெபசீலி காபி கொடுக்கும்போது சொல்லித் தெரிந்துகொண்டான்.

ஒரு புதன்கிழமை அவன் போனபோது சின்மயி இருந்தாள். வீட்டு விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவனைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கூப்பிட்டாள்.

"வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இப்படி அவங்க முன்னாடி உட்காருங்க. ஷீலாம்மா, இது யாரு? பேர் சொல்லுங்க பார்ப்போம். தா... தா..."

தாவீது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஷீலா திரும்பி அவனைப் பார்த்தாள். வீட்டை விட்டுப் போன பிறகு அவள் அவனை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். உதடு பிரிந்தது. நாக்கு பல்லில் போய்ப் பட்டது.

"தா..." என்று சின்மயி எடுத்துக் கொடுத்தாள்.

ஷீலா வாயை மூடிக்கொண்டாள்.

"பரவாயில்ல, களைச்சுட்டாங்க. நாளைக்கு வரும்," என்றாள் சின்மயி.

முடியாமல் விட்டாளா, வேண்டாம் என்று விட்டாளா என்று தாவீதுக்குத் தெரியவில்லை. எழுந்து, ஜெபசீலியிடம் சொல்லிக்கொண்டு, படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். பஸ் கூட்டமாக இருந்தது. மேடவாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.

இன்னும் தினமும் போய்க்கொண்டிருக்கிறான். அவன் பெயர் இதுவரை வரவில்லை.